கணக்கு உதைத்த இடம்

பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படித்தவர்கள் வேறு எதை மறந்தாலும் 9:3:3:1 என்ற விகிதத்தை மறப்பதில்லை. உருண்டையான மஞ்சள் விதை தரும் பட்டாணிச் செடியையும் சுருங்கிய பச்சை விதை தரும் செடியையும் கலந்தால் முதல் தலைமுறை விதைகள் எல்லாமே உருண்டை, எல்லாமே மஞ்சள். அவற்றை முளைக்கவைத்துத் தன்மகரந்தச் சேர்க்கைக்கு விட்டால், மறைந்திருந்த சுருக்கமும் பச்சையும் அடுத்த தலைமுறையில் திரும்பி வரும். கிரிகோர் மெண்டல் அப்படிக் கிடைத்த 556 விதைகளை எண்ணினார். உருண்டை மஞ்சள் 315, உருண்டை பச்சை 108, சுருங்கிய மஞ்சள் 101, சுருங்கிய பச்சை 32. ஏறக்குறைய 9:3:3:1.

இந்த எண்களின் பொருள், விதையின் வடிவத்தைத் தீர்மானிக்கும் மரபணுவும் நிறத்தைத் தீர்மானிக்கும் மரபணுவும் ஒன்றை ஒன்று கண்டுகொள்வதில்லை என்பதே. நான்கில் மூன்று பங்கு உருண்டை; அந்த உருண்டையிலும் நான்கில் மூன்று பங்கு மஞ்சள். பதினாறில் ஒன்பது அப்படித்தான் வருகிறது. முதல் தலைமுறைச் செடி தன் இனச்செல்களை, அதாவது மகரந்தத்தில் உள்ள ஆண் செல்லையும் சூலில் உள்ள பெண் செல்லையும், உருவாக்கும்போது நான்கு விதமான சேர்க்கைகளும் தலா 25 சதவீதம் உருவாகின்றன. சார்பின்றி ஒதுங்குதல் விதி என்று பாடப்புத்தகம் இதைச் சொல்கிறது.

கவனமாகப் படிக்கும் மாணவருக்கு இங்கே ஒரு சந்தேகம் வர வேண்டும். மரபணுக்கள் குரோமோசோம்களில் இருக்கின்றன. பட்டாணிக்கு இருப்பது ஏழே ஏழு ஜோடி குரோமோசோம், மரபணுக்களோ பல்லாயிரம். நமக்கு 23 ஜோடி. புரதம் செய்யக் கட்டளை தரும் மரபணுக்கள் மட்டும் சுமார் 20,000. ஆக, ஒவ்வொரு குரோமோசோமிலும் நூற்றுக்கணக்கில் மரபணுக்கள் இருந்தாக வேண்டும். இனச்செல்லுக்குள் போவது குரோமோசோம். அதில் உள்ளவை எல்லாம் கூடவே போகும். அப்படியானால் ஒரே குரோமோசோமில் இருக்கும் இரண்டு பண்புகள் எப்படிச் சார்பில்லாமல் ஒதுங்கும்? அவற்றுக்கு 9:3:3:1 எங்கிருந்து வரும்? இரண்டும் ஒரே பண்புபோல நடந்துகொண்டு 3:1 தானே தர வேண்டும்?

வருவது பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில் உள்ள ஏதோ ஒரு விகிதம். அந்த இடைப்பட்ட விகிதத்தைப் பிழை என்று ஒதுக்காமல் நம்பிப் பின்தொடர்ந்தவர்கள்தான் மரபணுக்கள் குரோமோசோமில் எந்த வரிசையில், எவ்வளவு தள்ளி அமர்ந்திருக்கின்றன என்று கண்டுபிடித்தார்கள். நம் பாடங்களில் 9:3:3:1-க்குக் கிடைக்கும் பக்கங்களோடு ஒப்பிட்டால் இந்தக் கதைக்குக் கிடைப்பது மிகக் குறைவு. எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது.

மெண்டலின் கட்டுரை 1866-இல் அச்சானது. 1900-இல்தான் மறுபடி கவனத்துக்கு வந்தது. இங்கிலாந்தில் அதைத் தூக்கிப் பிடித்தவர் வில்லியம் பேட்சன். அவரும் எடித் சாண்டர்ஸ், ரெஜினால்ட் புன்னெட் ஆகியோரும் கேம்பிரிட்ஜில் இனிப்புப் பட்டாணியை வளர்த்து ஆராய்ந்தார்கள். பெயரில் பட்டாணி இருந்தாலும் இது சமையலுக்கு ஆகாது. பூவுக்காகவும் மணத்துக்காகவும் தோட்டத்தில் வைக்கும் கொடி. ஊதாப் பூவும் நீண்ட மகரந்தமும் உடைய செடியைச் சிவப்புப் பூவும் உருண்டை மகரந்தமும் உடைய செடியோடு கலந்தார்கள். முதல் தலைமுறை முழுக்க ஊதா, நீளம். ஆகவே இவை ஓங்கு பண்புகள். சிவப்பும் உருண்டையும் ஒடுங்கு பண்புகள். இதுவரை எல்லாம் மெண்டல் சொன்னபடி.

இரண்டாம் தலைமுறையில் 6,952 செடிகள். பூவின் நிறத்தை நின்ற இடத்திலிருந்தே பார்த்துவிடலாம். மகரந்தத்தின் வடிவம் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. செடி செடியாக மகரந்தம் எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாக வேண்டும். பார்த்து எழுதிய எண்கள் இவை: ஊதா நீளம் 4,831, ஊதா உருண்டை 390, சிவப்பு நீளம் 393, சிவப்பு உருண்டை 1,338.

9:3:3:1 என்றால் சிவப்பு உருண்டை சுமார் 435 செடிகள்தான் வந்திருக்க வேண்டும். மூன்று மடங்கு வந்திருக்கிறது. ஊதா உருண்டையும் சிவப்பு நீளமும் தலா 1,300 வர வேண்டிய இடத்தில் 400-ஐக்கூடத் தொடவில்லை. கணக்கு உதைக்கிறது. ஆனால் அது ஏனோதானோ என்று உதைக்கவில்லை. மூதாதைச் செடிகளில் எந்தப் பண்புகள் சேர்ந்திருந்தனவோ அவை பேரன் பேத்திச் செடிகளிலும் சேர்ந்தே வருகின்றன. புதிதாகச் சேர்ந்த இரண்டு வகைகளும் ஒரே அளவுக்குக் குறைந்திருக்கின்றன: 390, 393.

இந்த எண்களுக்குள் இன்னும் கொஞ்சம் இறங்கலாம். சிவப்பு உருண்டைச் செடி பிறக்க வேண்டுமானால் மகரந்தத்தின் வழியாகவும் சூலின் வழியாகவும் இரண்டு ஒடுங்கு மரபணுக்களும் சேர்ந்தே வந்திருக்க வேண்டும். அத்தகைய செடிகள் நூற்றுக்குப் பத்தொன்பதுக்குச் சற்று மேல். எந்தப் பங்கை அதே பங்கால் பெருக்கினால் 19 சதவீதம் வரும்? ஏறக்குறைய 44 சதவீதம். ஆக, முதல் தலைமுறைச் செடியின் இனச்செல்களில் 44 சதவீதம் ‘சிவப்பு உருண்டை’ வகை. அதன் மறுபாதியான ‘ஊதா நீளம்’ இன்னொரு 44. மிச்சமுள்ள 12 சதவீதத்தில் புதுச் சேர்க்கைகள் இரண்டுக்கும் தலா 6. இப்போது இந்த 44, 6, 6, 44-ஐ வைத்து 6,952 செடிகளுக்கும் மறுபடி கணக்குப் போட்டால் கிடைப்பவை: 4,822, 392, 392, 1,346. மேலே உள்ள எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மெண்டலின் கணக்குமுறையில் தவறே இல்லை. நான்கு வகை இனச்செல்லும் சம அளவு என்று எடுத்துக்கொண்டது மட்டுமே இந்த இரண்டு பண்புகளுக்குப் பொருந்தவில்லை.

பேட்சன் குழுவும் இந்த இடம்வரை வந்துவிட்டது. இனச்செல்கள் 7:1:1:7 என்ற விகிதத்தில் உருவாகின்றன என்று அவர்கள் கணித்தார்கள். 44:6:6:44-க்கு அது மிக அருகில். ஏன் என்ற கேள்வியில்தான் வழி தவறியது. சில கலப்புகளில் ஓங்கு மரபணுக்கள் ஒன்றோடொன்று இணைகின்றன, வேறு சிலவற்றில் ஒன்றை ஒன்று விலக்குகின்றன என்றார்கள். மரபணுக்கள் குரோமோசோமில் இருக்கின்றன என்ற கருத்தை பேட்சன் வெகுகாலம் ஏற்கவில்லை. சில வகைச் செல்கள் மட்டும் கூடுதலாகப் பெருகுவதால் விகிதம் மாறுகிறது என்று விளக்கம் தேடினார். எண்ணைச் சரியாகப் பிடித்தவர் காரணத்தில் கோட்டைவிட்டார்.

விடை நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில், தாமஸ் ஹன்ட் மார்கனின் ஆய்வகத்திலிருந்து வந்தது. அங்கே வளர்த்தது பழப்பூச்சி. வாழைப்பழம் அதிகம் கனிந்தால் நம் வீட்டிலும் மொய்க்கும் சின்னஞ்சிறு ஈ. பால் பாட்டிலுக்குள் வாழைப்பழக் கூழ் வைத்தால் போதும், இரண்டு வாரத்துக்குள் ஒரு தலைமுறை கிடைத்துவிடும். இதற்கு நான்கே ஜோடி குரோமோசோம்கள். ஈக்களை ஈதரால் மயக்கி, உருப்பெருக்கியின் கீழ் பரப்பி, கண் நிறமும் இறக்கையும் பார்த்துப் பார்த்து எண்ணுவதே அங்கே அன்றாட வேலை.

சாதாரண ஈக்குச் சிவப்புக் கண், நீளமான இறக்கை. ஊதாக் கண் திடீர்மாற்றத்தால் வந்த ஒடுங்கு பண்பு. இறக்கை வளராமல் மொட்டையாக நின்றுபோய், ஈ பறக்கவே முடியாமல் ஊர்ந்து திரிவது இன்னோர் ஒடுங்கு பண்பு. இந்த இரண்டும் உடைய ஈயைச் சாதாரண ஈயோடு கலந்தார்கள். கிடைத்த பெண் ஈக்களை, ஊதாக் கண்ணும் மொட்டை இறக்கையும் உடைய ஆண்களோடு மறுபடி சேர்த்தார்கள். இந்த ஆணின் விந்தில் ஒடுங்கு மரபணுக்களைத் தவிர வேறு இல்லை. எனவே பிறக்கும் ஈ எப்படித் தோன்றுகிறதோ, தாயின் முட்டை அந்த வகை. சோதனைக் கலப்பு என்பது இதுதான். இனிப்புப் பட்டாணியில் நாம் வர்க்கமூலம் எடுத்துக் கண்டுபிடித்ததை இங்கே எண்ணியே தெரிந்துகொள்ளலாம்.

2,839 ஈக்கள் பிறந்தன. நான்கு வகையும் சமம் என்றால் வகைக்கு 710 இருக்க வேண்டும். இருந்தவை: சிவப்புக் கண், நீள இறக்கை 1,339, ஊதாக் கண், மொட்டை இறக்கை 1,195, சிவப்புக் கண், மொட்டை இறக்கை 151, ஊதாக் கண், நீள இறக்கை 154. புதுச் சேர்க்கைகள் மொத்தம் 305. நூற்றுக்கு 10.7.

அடுத்துச் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த சோதனை. அதே இரண்டு மரபணுக்கள், அதே ஈ. ஆனால் இந்த முறை ஒரு பக்கத்திலிருந்து ஊதாக் கண்ணும் நீள இறக்கையும், மறுபக்கத்திலிருந்து சிவப்புக் கண்ணும் மொட்டை இறக்கையும் வரும்படி கலந்தார்கள். சோதனைக் கலப்பில் பிறந்த 2,335 ஈக்களில் ஊதா நீளம் 1,067, சிவப்பு மொட்டை 965. போன முறை கும்பலாக வந்த சிவப்பு நீளம் இப்போது 157. ஊதா மொட்டை 146. பெரும்பான்மையும் சிறுபான்மையும் அப்படியே இடம் மாறிவிட்டன. புதுச் சேர்க்கைகளின் அளவு மட்டும் பெரிதாக மாறவில்லை: நூற்றுக்கு 13. இரண்டு எண்களுக்கும் உள்ள சிறு வித்தியாசத்துக்குத் தாய் ஈயின் வயதும் வெப்பநிலையும்கூடக் காரணமாகலாம். இன்றைய மரபணு வரைபடத்தில் இந்த இரண்டுக்கும் இடையே உள்ள தூரம், நூற்றுக்கு இத்தனை புதுச் சேர்க்கை என்ற கணக்கில், 12.5.

ஓங்கு மரபணுக்களுக்குள் பாசமும் இல்லை, பகையும் இல்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. எவை ஒரே பெற்றோரிடமிருந்து சேர்ந்து வந்தனவோ அவை சேர்ந்தே தொடர்கின்றன. காரணம், அவை ஒரே குரோமோசோமில் இருக்கின்றன. இதற்குப் பெயர் பிணைப்பு. கலப்பின் திசை மாறினால் விகிதம் எவ்வளவு மாறும் என்பதற்கு இனிப்புப் பட்டாணியையே எடுத்துக்கொள்ளலாம். ஊதா உருண்டையையும் சிவப்பு நீளத்தையும் கலந்து தொடங்கியிருந்தால், சிவப்பு உருண்டைக்கான இனச்செல் 6 சதவீதம்தான். 6,952 செடிகளில் சிவப்பு உருண்டை 25 அளவில் நின்றிருக்கும். மொத்த விகிதமும் ஏறக்குறைய 2:1:1 ஆகி, நான்காவது வகை கண்ணில் படுவதே அரிதாகியிருக்கும்.

சரி, பிணைந்தவை பிரிவது எப்படி? பிரியாமலே இருந்திருந்தால் புதுச் சேர்க்கை பூஜ்யமாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? இனச்செல் உருவாகும்போது நடக்கும் குன்றல் பகுப்பில், அப்பாவிடமிருந்து வந்த குரோமோசோமும் அம்மாவிடமிருந்து வந்த அதன் இணையும் நெடுக ஒன்றையொன்று ஒட்டிப் படுத்துப் பிறகு விலகுகின்றன. பெல்ஜியத்தின் லூவெனில் ஃபிரான்ஸ் யான்சன்ஸ், நீர்நில வாழிகளின் செல்களை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, விலகும் குரோமோசோம்கள் சில இடங்களில் பெருக்கல் குறிபோலப் பின்னி நிற்பதைக் கவனித்தார். இந்தப் பின்னல் புள்ளிக்கு கயாஸ்மா என்று பெயர். அங்கே இரண்டும் உடைந்து, துண்டுகளை மாற்றி ஒட்டிக்கொள்கின்றன என்று 1909-இல் அவர் எழுதினார். மார்கன் அதைப் பிடித்துக்கொண்டார். இந்தப் பரிமாற்றம்தான் குறுக்கேற்றம்.

ஒரு முழம் மல்லிகைச் சரத்தையும் ஒரு முழம் கனகாம்பரச் சரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே எண்ணிக்கையில் பூக்கள். ஐந்தாவது மல்லிகைக்கு நேரே ஐந்தாவது கனகாம்பரம். கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் ஒரே இடத்தில் கத்தரித்து, துண்டுகளை மாற்றி முடிச்சுப் போடுங்கள். இப்போதும் இரண்டு சரங்கள், இரண்டும் ஒரு முழம். பூ ஒன்றுகூடக் குறையவில்லை, வரிசையும் கெடவில்லை. ஆனால் ஒவ்வொரு சரத்திலும் ஒரு பக்கம் மல்லிகை, மறுபக்கம் கனகாம்பரம். ஐந்தாவது பூவும் ஆறாவது பூவும் பிரிய வேண்டுமானால் கத்தரி மிகச் சரியாக அந்த இடுக்கில் விழ வேண்டும். அது எப்போதாவதுதான் நடக்கும். முதல் பூவும் கடைசிப் பூவும் பிரிய, கத்தரி எங்கே விழுந்தாலும் போதும்.

ஆகவே இரண்டு மரபணுக்கள் எவ்வளவு அடிக்கடி பிரிகின்றன என்பது, அவை எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்பதற்கு ஓர் அளவு. மார்கன் இதை 1911-இல் பேசிக்கொண்டிருந்தபோது அதன் முழு வீச்சும் பிடிபட்டது அவருடைய ஆய்வகத்தில் இருந்த ஓர் இளங்கலை மாணவருக்கு. பெயர் ஆல்ஃபிரட் ஸ்டர்ட்வன்ட். வயது இருபதை ஒட்டி. கல்லூரி வீட்டுப்பாடத்தை ஒதுக்கிவைத்துவிட்டு இரவின் பெரும்பகுதி உட்கார்ந்து, குவிந்துகிடந்த கலப்பு எண்களிலிருந்து உலகின் முதல் மரபணு வரைபடத்தை வரைந்தார். 1913-இல் அது விரிவான கட்டுரையாக வெளிவந்தது.

அவர் எடுத்துக்கொண்டவை எக்ஸ் குரோமோசோமில் உள்ள மரபணுக்கள். வெள்ளைக் கண்ணுக்கும் செந்தூரக் கண்ணுக்கும் உரிய மரபணுக்கள் 29.7 சதவீதம் பிரிந்தன. செந்தூரக் கண்ணும் குட்டை இறக்கையும் 3.0 சதவீதம். இவை ஒரு நேர்கோட்டில் இதே வரிசையில் இருந்தால் வெள்ளைக் கண்ணுக்கும் குட்டை இறக்கைக்கும் இடையே 32.7 இருக்க வேண்டும். நேரடியாக எண்ணிப் பார்த்த அளவு 33.7. தூரங்கள் கூடுகின்றன என்றால் மரபணுக்கள் கோட்டில் அடுக்கப்பட்டிருக்கின்றன என்று பொருள். ஒரு மரபணுவைக்கூட யாரும் பார்த்ததில்லை. மரபணு எதனால் ஆனது என்றே தெரியாத காலம். வெறும் ஈக்களின் எண்ணிக்கையை வைத்து அவற்றின் வரிசை சொல்லியாகிவிட்டது. அறிவியலில் இதற்கு இணையான ஓர் இரவு அதிகம் இருக்காது என்றே நினைக்கிறேன்.

தூரம் அதிகமானால் இந்த அளவுகோல் குறைத்துச் சொல்லும் என்பதையும் ஸ்டர்ட்வன்ட் கவனித்தார். மஞ்சள் உடலுக்கும் வளர்ச்சி குன்றிய இறக்கைக்கும் இடையே சிறு சிறு தூரங்களைக் கூட்டினால் 57.6 வந்தது. நேரடியாக எண்ணினால் 37.6 தான். காரணம் மறுபடி அந்தப் பூச்சரத்தில் இருக்கிறது. இரண்டு பூக்களுக்கு நடுவே இரண்டு இடங்களில் வெட்டி மாற்றிக் கட்டினால், நடுத்துண்டு மட்டும் மாறி, அந்த இரண்டு பூக்களும் பழையபடி ஒரே சரத்துக்கு வந்துவிடும். நடந்தது இரண்டு பரிமாற்றம். நம் எண்ணிக்கையில் ஒன்றும் நடக்கவில்லை. இடையில் மூன்றாவதாக ஒரு மரபணுவையும் சேர்த்துக் கவனித்தால்தான் இந்த இரட்டைக் குறுக்கேற்றம் பிடிபடும்.

இன்னொரு வரம்பும் உண்டு. எவ்வளவு தள்ளி இருந்தாலும் இரண்டு மரபணுக்கள் சராசரியாக 50 சதவீதத்துக்கு மேல் பிரிவதில்லை. குறுக்கேற்றம் நடக்கும் நேரத்தில் ஒவ்வொரு குரோமோசோமும் ஏற்கெனவே தன்னை நகலெடுத்து இரண்டு இழைகளாக இருக்கிறது. ஆக மொத்தம் நான்கு இழைகள். ஒரு குறுக்கேற்றத்தில் மாறிக்கொள்பவை அவற்றில் இரண்டே. மற்ற இரண்டும் பழைய சேர்க்கையோடு அப்படியே போகின்றன. எனவே ஒவ்வொரு முறையும் தவறாமல் ஒரு குறுக்கேற்றம் நடந்தால்கூட, புதுச் சேர்க்கை பாதிதான். நான்கு இழைகள் என்பதை எப்படி அறிந்தோம்? நியூரோஸ்போரா என்ற ரொட்டிப் பூஞ்சை, ஒரு குன்றல் பகுப்பில் உருவாகும் எல்லாவற்றையும் ஒரே சிறு பைக்குள் வரிசையாக வைத்திருக்கிறது. பைக்குள் புதுச் சேர்க்கைகளும் பழைய சேர்க்கைகளும் அருகருகே கிடப்பதை அங்கே பார்க்கலாம். பரிமாற்றம் நகலெடுப்புக்கு முன்னால் நடந்திருந்தால், அந்தப் பையில் பழைய சேர்க்கை ஒன்றுகூட இருக்காது.

பாதி பழையது, பாதி புதியது என்றால் நான்கு வகை இனச்செல்லும் தலா 25 சதவீதம். அதாவது 9:3:3:1. ஒரே குரோமோசோமின் இரு கோடிகளில் இருக்கும் மரபணுக்கள், வெவ்வேறு குரோமோசோம்களில் இருப்பவைபோலவே நடந்துகொள்ளும். பட்டாணிக்கு ஏழு ஜோடி, மெண்டல் எடுத்ததும் ஏழு பண்பு. ஒன்றுக்கு ஒன்று என்று அமைந்ததால் அவர் தப்பித்தார் என்று சிலர் சொல்வது சரியல்ல. அவர் ஆராய்ந்த மரபணுக்களில் சில ஒரே குரோமோசோமில்தான் இருக்கின்றன, ஆனால் தள்ளித் தள்ளி. செடியின் உயரமும் நெற்றின் வடிவமும் மட்டும் நெருங்கிய இணையாக இருந்திருக்கக்கூடும். அந்த இணைக்கான எண்ணிக்கை எதையும் அவர் வெளியிடவில்லை.

இவ்வளவும் எண்களிலிருந்து பெற்ற முடிவு. பண்புகள் இடம் மாறும்போது குரோமோசோமின் துண்டும் உண்மையிலேயே இடம் மாறுகிறதா? ஜோடியில் இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால், மாறினாலும் தெரியாது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஹாரியட் கிரெய்ட்டனும் பார்பரா மெக்ளின்டாக்கும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். மக்காச்சோளத்தின் ஒன்பதாவது குரோமோசோம்களில் ஒரு விசித்திர வகை அவர்களுக்குக் கிடைத்தது. அதன் ஒரு முனையில் சாயம் ஏற்றினால் அடர்ந்து தெரியும் குமிழ். மறுமுனையில் எட்டாவது குரோமோசோமிலிருந்து வந்து ஒட்டிய கூடுதல் துண்டு. இணைக் குரோமோசோமில் இந்த இரண்டு அடையாளமும் இல்லை. இந்த இரு அடையாளங்களையும் ஒட்டியே இரண்டு மரபணுக்கள்: ஒன்று விதைக்கு நிறம் தருவது, இன்னொன்று மாவுப்பொருளை மெழுகுத்தன்மை ஆக்குவது. மெழுகு வகையா என்று அறிய அயோடின் போதும். சாதாரண மாவு கருநீலமாகும், மெழுகு மாவு செம்பழுப்பாகும்.

விதையின் நிறமும் மாவும் புதுச் சேர்க்கையாக வந்த செடிகளின் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். குமிழ் இருந்தது, கூடுதல் துண்டு இல்லை. அல்லது துண்டு இருந்தது, குமிழ் இல்லை. பண்பு மாறிய இடத்தில் குரோமோசோமும் மாறியிருந்தது. 1931-இல் இது வெளிவந்தது. அதே ஆண்டு ஜெர்மனியில் கர்ட் ஸ்டெர்ன் பழப்பூச்சியில் இதையே காட்டினார். ஸ்டர்ட்வன்ட் எண்ணிக்கையால் வரைந்ததற்குக் கண்ணால் கண்ட சாட்சி கிடைக்க ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின.

குறுக்கேற்றம் எல்லா உயிரிலும் ஒரே மாதிரி நடப்பதில்லை. ஆண் பழப்பூச்சியில் அது நடப்பதே இல்லை. மார்கன் குழுவின் சோதனைக் கலப்பில் பெண் ஈயைக் கலப்பினமாக எடுத்தது அதனால் முக்கியம். அங்கே ஆணை வைத்திருந்தால் பழைய சேர்க்கைகள் இரண்டே 1:1 என்று வந்திருக்கும். பட்டுப்பூச்சியில் இது தலைகீழ், பெண்ணில் நடப்பதில்லை. மனிதரில் இருபாலரிலும் உண்டு, பெண்களில் கூடுதல்.

மரபணுக்களின் தூரத்தை அளக்கும் அலகுக்கு மார்கனின் பெயரைச் சூட்டியவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். நூற்றுக்கு ஓர் இனச்செல் புதுச் சேர்க்கையானால் தூரம் ஒரு சென்டிமார்கன். மனிதரைக் கலப்பு செய்து பார்க்க முடியாது. குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வந்ததைப் படித்துத்தான் எண்ண வேண்டும். அப்படி எண்ணியே ஹால்டேனும் ஜூலியா பெல்லும் 1937-இல் ஹீமோஃபீலியாவும் நிறக்குருடும் எக்ஸ் குரோமோசோமில் நெருங்கிப் பிணைந்தவை என்று காட்டினார்கள். 1983-இல் வெனிசுவேலாவின் மரகைபோ ஏரிக்கரைக் குடும்பங்களை ஆராய்ந்து, ஹண்டிங்டன் நோயின் மரபணு நான்காவது குரோமோசோமில் இருக்கிறது என்று சொன்னதும் இதே வழியில்தான். மரபணு கைக்குக் கிடைத்தது 1993-இல். அது எந்தக் குரோமோசோமில் என்பது பத்தாண்டுக்கு முன்பே தெரிந்துவிட்டது.

ஹால்டேன் 1957-இல் இந்தியாவுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964-இல் ஒடிசாவின் புவனேஸ்வரில் இறந்தார். அதே ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ என்ற நெல் ரகம், நாற்று முழுக்க மூழ்கினாலும் சுமார் இரண்டு வாரம் தாங்கும். மற்ற நெற்பயிர் தண்ணீருக்கு மேலே வர நீண்டு நீண்டு சேமிப்பை எல்லாம் செலவழித்துச் சாகும். இது வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு காத்திருக்கும். ஆனால் விளைச்சல் குறைவு, அரிசியின் தரமும் சுமார். இதை நல்ல ரகத்தோடு கலந்தால் வெள்ளம் தாங்கும் குணத்தோடு வேண்டாத குணங்களும் ஒட்டிக்கொண்டு வந்தன. நல்ல ரகத்தோடு மறுபடி மறுபடி பிற்கலப்பு செய்தால் ஒடிசா நெல்லின் பங்கு ஒவ்வொரு முறையும் பாதியாகும். வேறு குரோமோசோம்களில் இருப்பவை இப்படிக் கழிந்துவிடும். வேண்டிய மரபணுவை ஒட்டி அதே குரோமோசோமில் உட்கார்ந்திருப்பவை அவ்வளவு எளிதில் போகா. பிணைப்பின் சுமை இது.

வெள்ளம் தாங்கும் சப்1 பகுதி ஒன்பதாவது குரோமோசோமில் இருக்கிறது என்று 1990-களில் தெரிந்தது. அதன் இருபுறமும் டி.என்.ஏ. அடையாளங்களைக் குறித்துக்கொண்டு, நூற்றுக்கணக்கான நாற்றுகளில் இலைத் துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். தேடியது, இடப்பக்கம் மிக அருகில் குறுக்கேற்றம் நடந்த ஒரு நாற்றை. அதன் அடுத்த தலைமுறையில் வலப்பக்கம் அருகில் நடந்த இன்னொன்றை. சப்1 இருக்கும் சிறு துண்டு மட்டும் ஒடிசா நெல்லிலிருந்து வந்து, மற்றது ஏறக்குறைய முழுக்க ஸ்வர்ணா என்ற நல்ல ரகமாக இருந்த ஸ்வர்ணா-சப்1, 2009-இல் இந்தியாவில் வெளியானது. அதே முறையில் காவிரி டெல்டாவில் சம்பாவுக்குப் போடும் சி.ஆர். 1009-க்கும் அந்தத் துண்டு வந்து சேர்ந்தது. சி.ஆர். 1009 சப்1 வடகிழக்குப் பருவமழையில் வயல் மூழ்கினாலும் சுமார் இரண்டு வாரம் பிழைத்திருக்கும். மற்றபடி அது விவசாயிகளுக்கு நெடுநாளாகப் பழக்கமான அதே நெல்தான்.